பக்கத்துப் போர்ஷன்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருப்பேன். ஆனால் உனக்குச் சிக்னல் கிடைக்கத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நிற்க வேண்டும். ஏறினாலும் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா"விலேயே போய்விடுகிறது. அதற்குக் கடிதமே மேல்.

விஷயம் வாடகை. நேற்று வீட்டுக்காரர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உட்காராமல் பேசினால் ஏற்றப் போகிறார் என்று அர்த்தம். "நீங்க நல்ல மனுஷங்க, அதனாலதான் இவ்வளவு கம்மியா ஏத்தறேன்" என்றார். அந்தக் 'கம்மி'யைச் சேர்த்தால் என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அவருக்குப் போகிறது. ஏப்ரல் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது. இருப்பதா, காலி செய்வதா என்று மார்ச் 31க்குள் சொல்ல வேண்டுமாம்.

வீடு நீ பார்த்ததுதான், ஒன்றரை அறை. அரை என்பது சமையல் மேடை. குட்டிக்கு ஆறு வயதாகிறது. அவளுடைய கட்டில்தான் பகலில் எங்கள் சோபா, துணி மடிக்கும் மேசை எல்லாம். நான் பல் கட்டும் லேபில் ஒரு நாளைக்கு இரண்டு செட் பல் செய்கிறேன். இந்த நகரத்தில் பாதிக் கிழவர்கள் என் பல்லால்தான் சாப்பிடுகிறார்கள். என் மனைவி நேற்றுச் சொன்னாள்: "மாசத்துல பதினாறு நாள் நீங்க வீட்டுக்காரருக்குப் பல்லு செய்யறீங்க. மிச்ச நாள்தான் நமக்கு."

உன் ஊரில் வாடகை என்ன? சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 25

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்தது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் காலையில் என்னைக் கேட்காமல் எழுந்திருப்பதில்லை, மற்றபடி நடக்கிறது. நடந்தாக வேண்டும். இந்த வருடக் கணக்கெடுப்பில் எனக்கு முந்நூற்றுப் பத்து வீடு. மாவட்ட அலுவலகம் கொடுத்த படிவத்தில் முப்பத்திரண்டு கேள்விகள். வாடகை என்ன, வருமானம் என்ன, வீட்டில் எத்தனை பேர், மருந்துக்கு எவ்வளவு என்று போகும். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாய் துரத்தினால் அதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது.

கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு போர்ஷன் காலியாக இருக்கிறது. இரண்டு அறை, தனிச் சமையலறை, பின்னால் குழாய். நடுவில் ஒரு சுவர்தான். வாடகை இப்போது நீ கொடுப்பதில் நாலில் ஒரு பங்கு. மறுபடி படித்துப் பார், தப்பாக எழுதவில்லை. வீட்டுக்கார அம்மா "தெரிஞ்சவங்கன்னா சரி, ஏத்தமாட்டேன்" என்றார், அதுவும் உட்கார்ந்துகொண்டு.

ஜன்னலைத் திறந்தால் வயல் காற்று. தெருவில் வண்டி கிடையாது. குட்டி வாசலில் ஓடி விளையாடலாம். ராத்திரி ஜன்னல் திறந்தே தூங்கலாம். காற்றை மட்டும் சொல்லி மாளாது, வந்து பார்.

அத்தான் நலம். மில்லில் எப்போதும்போல வேலை. நீ விசாரித்ததைச் சொல்கிறேன்.

குட்டிக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். குட்டிக்கு மட்டும் ஜலதோஷம், போய்விடும்.

உன் கடிதத்தை என் மனைவி இரண்டு தடவை படித்தாள். "அண்ணி காத்தைப் பத்தி எழுதினதுல பாதி வேலையைப் பத்தி எழுதியிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே பல் லேப் உண்டா? பல் டாக்டராவது உண்டா? குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே ஓடுவது? வாடகை நாலில் ஒரு பங்கு, சரி. சம்பளமும் நாலில் ஒரு பங்கு ஆகிவிட்டால் நான் மூட்டை கட்டியதற்கு என்ன அர்த்தம்?

அத்தான் என்ன சொல்கிறார்? நான் நகரத்துக்குக் கிளம்பினபோது பஸ் ஸ்டாண்டிலேயே எல்லோர் முன்னாலும் "ஆறே மாசம், திரும்பி வந்துடுவான் பாரு" என்று சிரித்தவர் அவர். ஒன்பது வருடம் கழித்து வந்தாலும் அவருக்கு அது வெற்றிதான். சிரிக்கட்டும். ஆனால் அவர் அந்த ஊரில் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவர். அவர் சரி என்றால் எனக்குத் தைரியம் வரும். அவர் கையால் இரண்டு வரி எழுதச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 15

என்னங்க,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? ராத்திரி கிடங்கு கேட்டில் உட்காரும்போது கழுத்துக்கு மப்ளரைச் சுற்றிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

தம்பி எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், படியுங்கள். உங்களிடம் இரண்டு வரி கேட்கிறான். நான் என்ன செய்வது? மில்லில் உங்கள் ஷிப்டை எடுத்துவிட்டார்கள் என்றோ, அக்டோபரிலிருந்து நீங்கள் அவன் இருக்கும் நகரத்திலேயே குளிர்பதனக் கிடங்கில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறீர்கள் என்றோ அவனுக்குத் தெரியாது. அவன் வீட்டுக்கும் உங்கள் கேட்டுக்கும் ஒரே பஸ். நீங்கள் அனுப்பும் பணத்தில்தான் இங்கே வாடகையே போகிறது. அப்படி இருக்கும்போது "இங்கே வந்தால் பிழைத்துக்கொள்ளலாம்" என்று நான் அவனுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா? நீங்கள் சரி என்றால் இன்றைக்கே எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், திட்டாதீர்கள். போர்ஷன் வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்று ஒரு மாத வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட்டேன்.

பதில் போடுங்கள்.


பிப்ரவரி 27

கணக்கம்மாவுக்கு,

மப்ளர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடங்கின் உள்ளேதான் குளிர், நான் இருக்கும் கேட்டில் புழுக்கம். உனக்குச் சொன்னால் புரியாது.

பல்லுக்காரனிடம் சொல்ல வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நான் பேசிய பேச்சு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த நீலச் சட்டையிலும் தொப்பியிலும், லாரிக்காரனுக்குச் சல்யூட் அடிக்கும் கோலத்தில் என்னை அவன் பார்க்க வேண்டாம். மில் மறுபடி ஓடினால் நான் திரும்பி வந்துவிடப் போகிறேன். அதற்குள் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும்?

யோசித்துப் பார்த்தால் அவன் அங்கே வந்தால் உனக்குத் துணை. கெட்டிக்காரன், எப்படியும் பிழைத்துக்கொள்வான். எனக்கும் இங்கே நிம்மதியாக இருக்கும். வாடகை கொடுத்ததற்குத் திட்டவில்லை. அடுத்த மாதம் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறேன்.

இரண்டு வரி கேட்டான் அல்லவா? தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தோடு அனுப்பு. கையெழுத்து என்னுடையது, தபால் முத்திரை உன் ஊருடையது. யாரும் ஒன்றும் கேட்க முடியாது.


மார்ச் 6

அன்புள்ள தம்பி,

குட்டியின் ஜலதோஷம் போய்விட்டதா? நாங்கள் நலம்.

பதில் தாமதம், படிவ வேலை. நீ கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பல் லேப் இல்லை. பல் டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். அவரிடம் சொல்லி வைக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பஸ் ஒரு நாளைக்கு மூன்று. சம்பளத்தைப் பற்றி என்ன சொல்ல? இங்கே எல்லோரும் எப்படியோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அத்தான் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா

(உள்ளே தனித் தாள்: "மாப்ளே, வீடு நல்ல வீடு. குடும்பத்தோடு வா. உன் அக்காவுக்கும் ஆறுதலாக இருக்கும்.")


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம், சுகத்துக்கு மேல் சந்தோஷம்!

இதோடு ஒரு பேப்பர் துண்டு வைத்திருக்கிறேன், பார். "குறைந்த செலவில் வாழ ஏற்ற மாவட்டங்கள்." முதலிடம் உன் மாவட்டம்! ஒரு குடும்பத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வாடகைக்குப் போகிறதாம். வீடு வீடாகப் போய் எடுத்த முதல்கட்டக் கணக்கு என்று போட்டிருக்கிறான். அது நீ எடுத்த கணக்குதானே? லேபில் எல்லோரிடமும் காட்டினேன். "எங்க அக்கா நாய்க்கடி வாங்கி எடுத்தது" என்றேன்.

முடிவு பண்ணிவிட்டோம். 31ஆம் தேதி வீட்டுக்காரரிடம் காலி செய்கிறோம் என்று சொல்கிறேன். அன்றைக்கே முதலாளியிடமும் சொல்லிவிடுவேன். "போனா திரும்பி வராதே, உன் மேசைக்கு நாலு பேர் நிக்கறான்" என்று போன வாரமே எச்சரித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை டாக்டரை வைத்துத் தொடங்குகிறேன். மெல்ல மெல்ல வேலை வரும். ஐந்தில் ஒரு பங்கு வாடகை என்றால் எத்தனை மெல்லவும் தாங்கும்.

அத்தானின் வரிகளை நாலு தடவை படித்தேன். ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. வயதாகிவிட்டதா அவருக்கு?

உன் தம்பி


மார்ச் 23

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதம் 31க்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று இரட்டைத் தபால்தலை ஒட்டி, தபால்காரரிடம் நேரில் கொடுத்திருக்கிறேன். மேட்டில் ஏறிப் போன் பண்ணியும் பார்த்தேன். நீ எடுத்தாய், "அக்கா, கேக்கல" என்றாய், வைத்துவிட்டாய்.

வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லாதே. முதலாளியிடமும் சொல்லாதே.

அத்தான் இங்கே இல்லை. அக்டோபரில் மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். அதிலிருந்து அவர் உன் நகரத்தில்தான் இருக்கிறார். வடக்கு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள குளிர்பதனக் கிடங்கில் வாட்ச்மேன். அவர் எழுதிய வரிகள் அங்கிருந்து இங்கே வந்து, மறுபடி அங்கே உன்னிடம் வந்தன. உனக்குத் தெரியக் கூடாது என்று சொன்னது அவர். எழுதாமல் இருந்தது நான்.

இப்போது அந்தப் பேப்பர் துண்டு. படிவத்தில் நாலாவது கேள்வி, "வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்?" இந்தப் பக்கம் கணவன் வெளியூர் போயிருக்கிறான் என்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். வாசலில் அவன் செருப்பு இருக்கும். கொடியில் அவன் சட்டை ஒன்று காயும், வாரத்துக்கு ஒரு தடவை நனைத்துப் போடுவார்கள். "அவர் இப்பதான் கடைக்குப் போனார்" என்பார்கள். வெளியில் அனுப்பிப் பிழைக்கிற வீடு என்று பேர் வந்தால் கடையில் கடன் நின்றுவிடும், பெண் கேட்டு வருகிறவன் நின்றுவிடுவான். அதனால் அவன் நகரத்தில் சம்பாதிக்கும் சம்பளத்தை இந்த ஊர் வருமானமாகச் சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன். தெரிந்தேதான் எழுதினேன். முந்நூற்றுப் பத்து வீட்டில் இருநூறு வீடாவது அப்படி. மற்றவர்கள் எடுத்த பகுதிகளும் இப்படித்தான் இருக்கும். யார் வீட்டிலும் அவன் எங்கே என்று நான் கேட்டதில்லை, ஏனென்றால் என் வாசலிலும் அத்தானின் செருப்பு இருக்கிறது. என் வீட்டுப் படிவத்தில் இரண்டு பேர் என்றுதான் போட்டேன்.

நகரத்திலிருந்து வரும் பணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இங்கேயும் வாடகை பாதிதான் தம்பி. உன் வீட்டுக்காரர் கேட்கிற அதே பாதி. வீடு சின்னது என்பதற்குப் பதில் சம்பளம் சின்னது. செவ்வாய்க்கிழமை டாக்டரை நான் கேட்டேன். "பல்லைப் பிடுங்கிக்கத்தான் வர்றாங்க, கட்டிக்க யாருகிட்டம்மா காசு இருக்கு?" என்றார். இதை அவர் பிப்ரவரியிலேயே சொன்னார். மார்ச் ஆறாம் தேதி உனக்கு எழுதும்போது எனக்குத் தெரியும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். நீ வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். ஆறு மாதமாக இந்த வீட்டில் நான் பேசினால் நான்தான் கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி அழுதால்கூடப் போதும் என்று இருந்தது. உன் வேலையை வாங்கி என் தனிமைக்குக் கொடுக்கப் பார்த்தேன். உன் பேப்பர் துண்டைப் பார்த்ததும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

என்னைத் திட்டு. அத்தானைத் திட்டாதே.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

கடிதம் 30ஆம் தேதி மாலை வந்தது. மறுநாள் காலை வீட்டுக்காரரிடம் போவதாக இருந்தேன். இரண்டு வாரம் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. இப்போதும் முழுசாகப் பிடிக்கவில்லை. அந்த இரண்டு வரிதான் ரொம்ப உறுத்துகிறது. நீ சொல்லாமல் இருந்ததை மன்னிக்கலாம். அவர் எழுதியதை நீ அனுப்பி வைத்ததை மன்னிக்க நாளாகும்.

ஒன்றாம் தேதி லேப் முடிந்து கிடங்குக்குப் போனேன். அவர் கேட்டில் ஒரு லாரியின் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஓட இடமில்லை, கேட்டைத் திறந்து போட்டுவிட்டு எங்கே ஓடுவார்? "யாரப் பாக்கணும்?" என்றார் அக்கா! என்னைப் பார்த்து!

"எங்க அத்தானை" என்றேன்.

"டூட்டில இருக்கார். காலைல வா."

காலையில் போனேன். தங்கியிருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு அறையில் பதினோரு பேர். அவருக்குச் சொந்தமாக ஒரு ஆணியும் ஒரு பாயும். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பை என்னிடம் இருந்ததால் அவரும் ஏறினார்.

இப்போது எங்களோடு இருக்கிறார். அவர் ஒரு பங்கு கொடுப்பதால் ஏற்றிய வாடகையைத் தாங்க முடிகிறது. காலி செய்யவில்லை. வேலை இருக்கிறது. குட்டியின் கட்டிலுக்கு இரண்டு ஷிப்ட், இரவில் அவள், பகலில் அவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "அத்தை வீட்டு மாமா, என் டூட்டி" என்று எழுப்பிவிடுகிறாள். என் மனைவி முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் அவர் ஒழுகும் குழாயைச் சரி பண்ணிக் கொடுத்தார். இப்போது அவள் பேசுவது அவரோடுதான், என்னோடு இல்லை.

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாக எழுது.

தம்பி

கணக்கம்மா, கீழே இடம் கொஞ்சம்தான் விட்டிருக்கிறான். பல்லுக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட்கூட அவன்தான் எடுத்தான். கேட்டிருந்தால் தேவலை. நீ சொன்னது நல்லதுதான். கோபம் இல்லை. மில்லைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது.


மே 24

அன்புள்ள தம்பிக்கும் உங்களுக்கும்,

ஒரே கவரில் இரண்டு பேருக்கும் எழுதினால் போதும் என்று ஆகிவிட்டது. தபால் செலவு மிச்சம். நிஜமாக எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அப்புறம் பொறாமையாக இருந்தது. நிம்மதி இரண்டு நாள் இருந்தது, பொறாமை இன்னும் இருக்கிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது. மில் வாசலில் புல் முளைத்திருக்கிறது, அது திறக்காது.

போன வாரம் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். நாலாவது கேள்விக்கு நான் எழுதியது தப்பு, என் வீட்டுப் படிவம் உட்பட என்று அதிகாரியிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகம் அச்சாயிடுச்சும்மா. முதலிடம் வந்திருக்கு, மேல எல்லாருக்கும் சந்தோஷம். இப்பப் போய் ஏன் கிளர்றீங்க?" என்றார். அடுத்த வருடம் எனக்கு நானூறு வீடு கொடுக்கப் போகிறாராம்.

பக்கத்துப் போர்ஷனுக்கு ஆள் வந்துவிட்டது. நான் மூன்று மாத வாடகை கொடுத்துப் பிடித்து வைத்திருந்தேன் (மூன்று என்று உங்களிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்). இனிமேல் முடியாது என்று ஏப்ரலில் விட்டேன். கணவன், மனைவி, கைக்குழந்தை. நகரத்திலிருந்து வந்திருக்கிறார்கள். அவர் அங்கே கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை பார்த்தாராம், விட்டுவிட்டு வந்திருக்கிறார். குழந்தை நாள் முழுக்க அழுகிறது. நான் வேண்டிக் கேட்ட சத்தம்தான்.

நேற்று குழாயடியில் அவர் என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்துப் பிரித்தார். எந்தத் துண்டு என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. "கணக்கெடுக்கிற அக்கா நீங்கதானாமே? வீட்டுக்கார அம்மா சொன்னாங்க. இதுல போட்டிருக்கிறது சரிதானே?"

உனக்கு எழுதியதுபோல அவருக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு, சட்டை, படிவம், ஒன்றும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது குடம் நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மூடினார். பேப்பரை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இப்பச் சொல்றீங்களேக்கா" என்றார். "சாமான் கொண்டுவந்த லாரிய அனுப்பிட்டேனே."

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா